எத்தனை தலையணை

"நீ படிச்ச படிப்ப வெச்சி உங்கம்மாவ ஒரு பெரிய டாக்டரு பாக்கற மாதிரி பண்ண முடியுமா? அத்த செஞ்சி காட்டு. அப்பறம் ஒத்துக்கறேன், நீ படிச்சவதான்னு."

அம்மாவின் அண்ணன் இதைச் சொன்னபோது வீட்டில் எல்லோரும் இருந்தோம். எல்லோரும் என்றால் அப்பா, அம்மா, நான். புதுச்சேரி உப்பளம் பகுதியில் எங்கள் வீடு மூன்று பேர் உட்கார்ந்தால் நான்காவது ஆள் வாசற்படிக்குப் போக வேண்டிய அளவுதான். மாமா படியில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். நான் பி.எஸ்சி. கணினி அறிவியலில் முதல் வகுப்பில் தேறியிருந்த வாரம் அது. பத்தாவதோடு என்னை நிறுத்தி அவர் மகனுக்குக் கட்டிவைக்கக் கேட்டு, அப்பா மறுத்ததிலிருந்து மாமாவுக்கு என் படிப்பின்மேல் ஒரு கண் இருந்தது. ஒவ்வொரு வருடமும் வந்து அது எதற்கு ஆகும் என்று விசாரித்துவிட்டுப் போவார்.

"மாமா, நான் படிச்சது கம்ப்யூட்டரு. வைத்தியம் இல்ல."

"அதான் சொல்றேன். ஒண்ணத்துக்கும் ஆவாதுன்னு."

அப்பா சிரித்துவிட்டார். அவர் சின்ன வயதிலேயே பஞ்சாலைக்குள் போனவர். ஆலை மூடிய பிறகு ஒரு மரக்கடையில் காவலுக்கு இருந்தார். அம்மாவுக்குப் பேருந்தின் எண் தெரியும், ரூபாய் நோட்டு தெரியும், என் பெயரை எழுதினால் இது உன் பெயர் என்று சொல்லத் தெரியும். அந்த இரண்டு பேரின் மகள் கல்லூரி ஆய்வகத்தில் ஒரு கணினிக்கு மூன்று பேராக இடித்துக்கொண்டு உட்கார்ந்து முதல் வகுப்பு வாங்கியிருக்கிறாள். எனக்கு அன்று தலைக்கனம் இருந்தது. இருந்ததில் தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

ஆனால் மாமா கேட்டது வெறும் குத்தல் இல்லை. அம்மாவுக்கு நெஞ்சில் கோளாறு இருந்தது. சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சலில் கிடந்திருக்கிறாள். அது இதயத்தின் வால்வில் போய் உட்கார்ந்துவிட்டது என்று எங்கள் பக்கத்து மருத்துவமனை டாக்டர் காதில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டுச் சொன்னார். "கதவு சரியா திறக்கலம்மா. பெரிய டாக்டர் ஒருத்தர் பாத்து, தேவைன்னா திறந்து விடணும். தள்ளிப்போடாதீங்க."

கோரிமேட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் அம்மா காதைப் பொத்திக்கொள்வாள். அவளுடைய அக்கா கடைசியில் கண்ணை மூடியது அங்கே. சாகிற நிலையில் கொண்டுபோய்ச் சேர்த்தவளை யார் காப்பாற்றியிருக்க முடியும் என்று நான் சொன்னால், "எனக்குத் தெரியும்டி. இருந்தாலும் அந்த வாசல மிதிக்க மாட்டேன்" என்பாள். சென்னைக்குப் போய்ப் பணம் கட்டிப் பார்ப்பது எங்களால் ஆகாது. அப்படியே நாள் போய்க்கொண்டிருந்தது.

அம்மா ஊரை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலுக்கு அந்தாண்ட, பணக்காரத் தெருவில் ஒரு வீட்டில் பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் சுவர், பெரிய கதவு. வீட்டுக்கார அம்மாளை அவள் மதாம் என்பாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவரின் விதவை. மகன் பாரீசில். ஞாயிற்றுக்கிழமை மதாம் கணினி முன்னால் உட்கார்ந்து மகனோடு பேசுவாராம்.

"பொட்டிக்குள்ள அந்தப் பையன் வர்றான்டி. சிரிக்கறான். காபி குடிக்கறான். குடிச்சிட்டு மீச தொடைக்கறது கூட தெரியுது."

"அது வெப்காம்மா."

"என்னமோ காமு. மதாம் அதுக்கு முன்னாடி பண்ற அலங்காரம் இருக்கே! தல வாரி, பவுடர் போட்டு, லிப்ஸ்டிக் போட்டு, மூஞ்சிக்கு நேரா லைட்ட வேற போட்டுக்கும். இல்லன்னா புள்ள, 'அம்மா, உனக்கு ஒடம்பு சரியில்லயா'ன்னு கவலப்படுவானாம்."

அதே வருடம் எங்கள் தெருவுக்கும் பிராட்பேண்ட் வேண்டும் என்று நானும் என் தோழியும் டெலிபோன் ஆபீசில் போய்க் கேட்டோம். கம்பம் மெயின் ரோட்டோடு நின்றுவிடுகிறது, உள்ளே வராது என்றார்கள். இணையம் வேண்டுமென்றால் நான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பிரவுசிங் சென்டருக்குப் போக வேண்டும். அங்கே பலகைத் தடுப்புக்குள் உட்கார்ந்தால் ஒரு பக்கம் திறப்பதற்குள் தலைக்கு மேலே இருக்கும் விசிறியின் சத்தம் மனப்பாடம் ஆகிவிடும். ஒரு வாய்க்கால்தான் நடுவில். அந்தப் பக்கம் பாரீஸ் வரைக்கும் முகம் போகிறது. இந்தப் பக்கம் ஓர் ஈமெயில் போவதற்கு டவுன் பஸ் பிடிக்க வேண்டும்.

அப்போதுதான் உப்பளத்தில் தொலைமருத்துவ மையம் திறந்தார்கள். சென்னையில் மருத்துவமனை நடத்தும் ஓர் அறக்கட்டளையின் ஏற்பாடு அது. நாதஸ்வரம், பந்தல், ரோஜாப்பூ மாலை எல்லாம் இருந்தன. ஒலிபெருக்கியில் "ஏழைகளுக்கு இனி தூரம் ஒரு தடையல்ல" என்றார்கள். எங்கள் ஆட்கள் அதற்கு டிவி ஆஸ்பத்திரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். வியாழக்கிழமைதோறும் சென்னையிலிருந்து ஓர் இதய நிபுணர் திரையில் வருவார். அவர் பார்த்து, இவருக்கு ஆபரேஷன் வேண்டும் என்று சொன்னால் சென்னையில் இலவசமாகச் செய்வார்கள். அவர் சொன்னால்தான். அம்மாவின் நெஞ்சுக்குள் இருந்த கதவு திறக்க வேண்டுமானால் முதலில் இந்தக் கதவு திறக்க வேண்டும்.

அங்கே டோக்கன் கிடையாது. இணையத்தில் மட்டும்தான் பதிவு, அதுவும் ஆங்கிலத்தில். தட்டச்சுப் பலகையைத் தொட்டே பார்க்காத ஜனங்களுக்காகத் திறந்த இடத்துக்கு அப்படி ஒரு வாசலை யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. அன்று எனக்கு அதில் கோபம் வரவில்லை. நேர்மாறாக இருந்தது. என்னால்தான் முடியும் என்று இருந்தது. அம்மாவுக்குப் பதிவு செய்தேன். தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் செய்தேன். "கம்ப்யூட்டரு பொண்ணு வூடு எதும்மா?" என்று கேட்டுக்கொண்டு குருசுக்குப்பத்திலிருந்துகூட ஒரு மீன்காரம்மா வந்தார். மாமாவுக்கு ஆள் அனுப்பினேன், வியாழக்கிழமை பெரிய டாக்டர் அம்மாவைப் பார்க்கிறார் என்று.

அந்த வியாழக்கிழமை அம்மா விடியற்காலையிலேயே தலைக்குக் குளித்துவிட்டாள். கல்யாணங்களுக்குக் கட்டும் கத்தரிப்பூப் புடவை. முகம் முழுக்கப் பவுடர், அதற்கு மேல் பெரிய குங்குமப் பொட்டு. வெற்றிலை போட்டு உதடு சிவக்கச் சிவக்க இருந்தாள்.

"டாக்டர பாக்கப் போறியா, பொண்ணு பாக்கப் போறியா?" என்றார் அப்பா.

"மெட்ராசுல ஒரு பெரிய மனுசன் பாக்கப் போறாரு. அழுதுவடிஞ்ச மூஞ்சியோட போயி குந்துவாங்களா? மதாம் பெத்த புள்ள கிட்ட பேசறதுக்கே அத்தினி பண்ணுது."

மையத்துக்குப் போனால் அம்மா மட்டும் அப்படி வரவில்லை. காத்திருக்கும் கூடத்தில் யாரோ நன்கொடையாகக் கொடுத்த கண்ணாடி ஒன்று மாட்டியிருந்தது. அதன் முன்னால் போட்டோ ஸ்டூடியோ மாதிரி வரிசை. ஒரு தாத்தா சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்து, இல்லாத முடியை வாரிக்கொண்டிருந்தார். மீன்காரம்மா மூக்குத்தியைப் புடவைத் தலைப்பால் துடைத்துப் பளபளப்பாக்கிக்கொண்டிருந்தார். கேமராவுக்கு முன்னால் உட்காருவது என்றால் எங்களுக்கெல்லாம் ஒன்றே ஒன்றுதான் தெரியும். நன்றாக இருக்க வேண்டும்.

அம்மாவின் பெயரைக் கூப்பிட்டதும் நானும் எழுந்தேன். டை கட்டிய இளைஞன் ஒருவன் கையை நீட்டி மறித்தான். கருவிகளை இயக்குபவன் அவன்தான்.

"பேஷண்ட் மட்டும்."

"அவங்களுக்குச் சரியா சொல்லத் தெரியாதுங்க. நான் பக்கத்துல இருந்தா..."

"உள்ள ஒரு சேர்தான் இருக்கு. ஒரு பேஷண்ட், ஒரு சேர். படிச்ச பொண்ணுதான நீங்க? ரூல்ஸ்னா புரியாதா?"

படித்த பெண் என்றதும் நான் நின்றுவிட்டேன். கண்ணாடிக் கதவு மூடியது. குளிரூட்டிய அறை, சத்தம் வெளியே வராது. அம்மாவின் முதுகும் கொண்டையில் கனகாம்பரமும் தெரிந்தன. எதிரே டிவியில் ஒரு முகம். அது கட்டம் கட்டமாகச் சிதறி, மறுபடி கூடி, வாய் ஓர் இடத்தில் நின்றிருக்கக் கண் மட்டும் நகர்ந்தது. அம்மா எழுந்து நின்று கும்பிட்டாள். டை கட்டியவன் அவளைத் தோளில் தொட்டு உட்காரவைத்தான். மறுபடி எழுந்தாள். மறுபடி உட்காரவைத்தான். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

வீட்டுக்கு வரும் வழியிலேயே சொல்ல ஆரம்பித்து, மாமாவும் அப்பாவும் உட்கார்ந்திருக்க, மறுபடி முதலிலிருந்து நடித்துக் காட்டினாள்.

"எப்படிம்மா இருக்கீங்கன்னு கேட்டாரு. நல்லா இருக்கேங்கய்யா, நீங்க நல்லா இருக்கீங்களா, வூட்ல புள்ளைங்க சொகமான்னு கேட்டேன். சிரிச்சிட்டாரு. தங்கமான மனுசன். மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குதான்னு கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?" என்றார் மாமா.

"எங்க வூட்ல மாடி ஏதுங்கய்யா, ஓலைய எடுத்துட்டு ஓடு போட்டதே இப்பதான்னேன்."

மாமா தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"அப்பறம் ஒண்ணு கேட்டாரு பாரு. ராத்திரி எத்தன தலகாணி வெச்சிப் படுக்கறீங்கன்னு. ஆம்பள கேக்கற கேள்வியா அது? எனக்கு வெக்கமா பூட்ச்சி. ஒண்ணுதாங்கய்யான்னேன்."

"அவ்ளோதானா?" என்றார் அப்பா.

"அவ்ளோதான். நல்லா இருக்கீங்க, பயப்படாதீங்க, அதே மாத்திரைய போடுங்க, ஆறு மாசம் கழிச்சி மறுபடி வாங்கன்னாரு. என்னாண்ட எவ்ளோ மரியாதயா பேசுனாரு தெரியுமாண்ணே?"

மாமா என்னைப் பார்த்தார். "சரி. ஒத்துக்கறேன்" என்றார். அந்த இரண்டு சொல்லுக்காக நான் எத்தனை வருடம் காத்திருந்தேன்! அன்று இரவு எங்கள் வீட்டில் கறிக்குழம்பு.

எங்கள் வீட்டில் தலையணை ஒன்றுதான் இருந்தது. அதில் அப்பா படுப்பார். அம்மா அதில் தலை வைத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. படுத்தால் மூச்சு முட்டும். அதனால் சுவரில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, உட்கார்ந்தபடியே தூங்குவாள். நடுவில் எழுந்து கதவைத் திறந்து காற்று வாங்குவாள். அதை அவள் நோய் என்று நினைக்கவில்லை. புழுக்கம் என்றாள். சின்ன வீடு, கால் நீட்ட இடமில்லை என்றாள். தலையை எவ்வளவு உயர்த்தினால் மூச்சு வருகிறது என்று அறியத்தான் டாக்டர் தலையணை எத்தனை என்று கேட்டார்; அது எனக்கும் அப்போது தெரியாது. அம்மா வீட்டில் உண்டானதைச் சொன்னாள். அவள் அன்று சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

மூன்று மாதத்தில் கால் வீங்கியது. மதாம் வீட்டுக்கு நடந்து போகிறவள் வாய்க்கால் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து உட்கார்ந்து போனாள். ஒரு நாள் குடத்தைத் தூக்கும்போது இருமி, கையில் சிவப்பாகத் துப்பியதை வெற்றிலை என்றாள். அன்று அவள் வெற்றிலை போடவில்லை.

பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். பதிவுப் பக்கம் அம்மாவின் எண்ணைப் போட்டதும் மறு சந்திப்புக்கு இன்னும் காலம் ஆகவில்லை என்று திருப்பி அனுப்பியது. புதிய நோயாளியாகப் பதியப் பார்த்தேன். இதே பெயர், இதே முகவரி ஏற்கெனவே இருக்கிறது என்றது. உடல்நிலை மோசமாகியிருந்தால் என்ன செய்வது என்று எழுதுவதற்கு அந்தப் பக்கத்தில் ஓர் இடமும் இல்லை. கருத்து சொல்லவும் என்று ஒரு பெட்டி இருந்தது. அதில் எழுதினேன். தங்கள் கருத்துக்கு நன்றி என்று உடனே பதில் வந்தது. ஆங்கிலத்தில் நான் எழுதிய மிக நல்ல பத்தி அதுதான். யார் படித்தார்களோ.

மையத்தில் டை கட்டியவன் இரக்கமாகத்தான் பேசினான். "நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க. சிஸ்டம் எடுக்கல."

சென்னைக்கே போய்விடுவது என்று முடிவு செய்தேன். விடிவதற்கு முன் முதல் பேருந்து. அம்மா முன் சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்தபடி வந்தாள். கடலோரச் சாலை முழுக்க ஜன்னலைத் திறந்தே வைத்திருந்தோம். அறக்கட்டளையின் மருத்துவமனை பளிங்குத் தரையோடு பெரிதாக இருந்தது. இலவசப் பிரிவு கவுன்ட்டரில் இருந்த பெண் எந்த ஊர் என்று கேட்டாள்.

"பாண்டிச்சேரிங்க."

"பாண்டிச்சேரியா? உங்களுக்குத்தான் உங்க ஊர்லயே டெலிமெடிசின் போட்டுக் குடுத்திருக்கோமே! எதுக்கு இவ்ளோ தூரம் வந்தீங்க?"

"நேர்ல பாக்கணுங்க. அம்மாவுக்கு ரொம்ப முடியல."

"அதுக்குத்தானேம்மா அது வெச்சிருக்கு, உங்கள மாதிரி ஆளுங்க அலையக் கூடாதுன்னு. அங்க சார் பாத்து எழுதுனாத்தான் இங்க ஃப்ரீல எடுக்க முடியும். பணம் கட்டிப் பாக்கறதுன்னா அந்தக் கவுன்ட்டர், இன்னிக்கே பாக்கலாம்."

அந்தக் கவுன்ட்டரில் ஒரு குடும்பம் நின்றிருந்தது. வாசலில் எங்கள் ஊர்ப் பதிவெண் உள்ள காரிலிருந்து இறங்கியவர்கள். அவர்களுக்குத் திரை தேவைப்படவில்லை. வாசலை மறிக்க எங்களுக்கு மட்டும்தான் ஒரு டிவி வைத்திருந்தார்கள்.

வாதாடினேன். ஆங்கிலத்திலும் வாதாடினேன். அவள் கணினியைத் திருப்பிக் காட்டினாள், அம்மாவின் பெயருக்கு எதிரே என்ன இருக்கிறது என்று. மாடி ஏறும்போது சிரமம் இல்லை. ஒரு தலையணை. நிலை சீராக உள்ளது.

அப்போது நடையில் அவர் வந்தார். வியாழக்கிழமை டாக்டர். பின்னால் நான்கைந்து பேர். திரையில் பார்த்ததைவிடக் குள்ளமாக இருந்தார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து கும்பிட்டாள். முகம் மலர்ந்து, "ஐயா, நல்லா இருக்கீங்களா?" என்றாள். அவர் எல்லோரையும் பார்த்துத் தலையசைப்பது போலத் தலையசைத்துவிட்டு நடந்தார். நான் "சார்" என்று பின்னால் ஓடினேன். மின்தூக்கியின் கதவு மூடிவிட்டது.

திரும்பி வந்தபோது அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"அவருக்கு என்னத் தெரியலடி."

"இன்னிக்கி நீ பவுடர் போடலியேம்மா" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கப் போய் மூச்சு ஏறி, இருமி, அடங்க வெகுநேரம் ஆனது. தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்துவிட்டு முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். சுத்தமான அந்தத் தரையில் எங்களைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

மறு சந்திப்பு வியாழன் வந்தபோது மழைக்காலம். அம்மாவை ஆட்டோவில் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. இந்த முறை பவுடர் இல்லை, பொட்டு இல்லை. என்ன சொல்ல வேண்டும் என்று வரி வரியாகச் சொல்லிக் கொடுத்திருந்தேன். உட்கார்ந்துகொண்டேதான் தூங்குகிறேன். கால் வீங்குகிறது. ரத்தமாகத் துப்புகிறேன். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஆட்டோவில் ஒப்பித்துக்கொண்டே வந்தாள். திரை நீலமாக இருந்தது. நீலத்துக்கு நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"மழ வந்தா லைன் பூடுதுங்க" என்றான் டை கட்டியவன். "இன்னிக்கி வராது. மறுபடி புக் பண்ணிடுங்க. ஆன்லைன்ல."

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனேன். பிரவுசிங் சென்டரில் மின்சாரம் இல்லை. கடைக்காரர் மெழுகுவத்தியைக் கொளுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நனைந்துகொண்டு நடந்தேன். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர்கள் ஓடும் சத்தம் கேட்டது.

இரண்டு நாள் கழித்து அம்மாவுக்கு உதடு நீலமாகிவிட்டது. அப்பாவும் மாமாவும் நானும் அவளைக் கேட்காமல் கோரிமேட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். வெளியூர்ப் பேருந்துகளில் வந்து இறங்கியவர்களோடு நாங்களும் கூட்டமாக நின்றோம். என்னைவிட நான்கைந்து வயதுதான் மூத்தவராக இருப்பார், ஒரு பெண் மருத்துவர் வந்தார். அம்மாவின் கழுத்தைப் பார்த்தார். காலை விரலால் அமுக்கினார், குழி விழுந்தது. உள்ளங்கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ராத்திரி எப்படித் தூங்கறாங்க?"

எத்தனை தலையணை என்று அவர் கேட்கவில்லை.

"உக்காந்துகிட்டுங்க."

"எவ்ளோ நாளா?"

"ஒரு வருஷத்துக்கு மேல."

அவர் திரும்பி நர்சைக் கூப்பிட்டார். ஊசி போட்டார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள். அம்மா பிழைத்தாள். எல்லாச் சோதனையும் முடிந்து, அந்த மருத்துவரும் அவருக்கு மூத்த டாக்டர்களும் கூடிப் பேசிய பிறகு, எங்களை உட்காரவைத்துச் சொன்னார்கள். வால்வைத் திறக்கும் கட்டம் தாண்டிவிட்டது. நுரையீரலில் அழுத்தம் ஏறிவிட்டது, கல்லீரலும் கெட்டிருக்கிறது. இந்த உடம்பில் ஆபரேஷன் செய்தால் மேசையிலேயே போய்விடலாம். மாத்திரையில் வைத்துக்கொள்ளலாம், எவ்வளவு நாள் என்று சொல்ல முடியாது.

"முன்னாடியே ஒரு டாக்டர் கிட்டக் காட்டலியா?" என்று கேட்டார் அந்தப் பெண்.

அப்பா என்னைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார்.

"காட்டினோம் டாக்டர்" என்றேன். "டிவியில."

இப்போது எங்கள் வீட்டில் தலையணைக்குக் குறைவில்லை. அப்பா தன்னுடையதைக் கொடுத்துவிட்டுக் கையை மடித்து வைத்துப் படுக்கிறார். மதாம் இரண்டு கொடுத்தனுப்பினார், ஓரத்தில் பூ வேலை செய்தது. மாமா திண்டிவனத்துப் பக்கம் எங்கேயோ போய் இலவம்பஞ்சு வாங்கி, தானே தைக்கக் கொடுத்து, தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அம்மாவின் முதுகுக்குப் பின்னால் அதைச் செருகினார்.

"அண்ணே, இப்பக் கேக்கச் சொல்லு அந்த டாக்டர, எத்தன தலகாணின்னு" என்றாள் அம்மா. "கூச்சப்படாம சொல்லுவேன்."

மாமா வாசற்படிக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். என் படிப்பைப் பற்றி அவர் பிறகு பேசியதே இல்லை. அது எதற்கு ஆகும் என்று அவர் கேட்காமல் விட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

சென்னையில் ஒரு நிறுவனம் எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. போகவில்லை. டை கட்டியவன் பெங்களூருக்குப் போகிறான், மையத்தில் அந்த இடம் காலியாகிறது என்று கேள்விப்பட்டேன். அங்கே போய் உட்கார்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. மழை வந்தால் லைன் போகத்தான் போகும். பதிவு இன்னும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. சென்னையில் அந்தக் கவுன்ட்டர் இப்போதும் எங்கள் ஊர்க்காரர்களைத் திருப்பித்தான் அனுப்பிக்கொண்டிருக்கும். அம்மாவுக்கு இனி அந்த அறையால் ஆக வேண்டியது ஒன்றும் இல்லை. இருந்தும் விண்ணப்பித்தேன். எடுத்துக்கொண்டார்கள்.

போன வியாழக்கிழமை என் முதல் நாள். கூடத்துக் கண்ணாடி முன்னால் வழக்கம் போல வரிசை. முதல் பெயரைக் கூப்பிட்டேன். வீராம்பட்டினத்திலிருந்து வந்த ஒரு பெரியவர், முகம் வெள்ளை வெளேரென்று பவுடர். கூடவே எழுந்த மகள் கதவருகே தானாகவே நின்றுவிட்டாள். யாரோ அவளுக்கும் ரூல்ஸ் சொல்லியிருந்தார்கள். நான் கூடத்திலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய், உள்ளே இருந்த நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டேன்.

"நீயும் வாம்மா" என்றேன். "உங்கப்பா ராத்திரி எப்படித் தூங்கறாருன்னு நீதான் சொல்லணும்."